106 அடித்த மறுநாள் என்ன செய்வது?

கேள்வி: கோல்ஃபில் என் ஹேண்டிகேப் (ஆட்டத் தரத்துக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகளின் எண்) 16. 18 குழிகளையும் வழக்கமாக 88-க்கும் 92-க்கும் இடைப்பட்ட அடிகளில் முடிப்பேன். சென்ற வாரம், எனக்கு நன்கு பழகிய, பார் (தேர்ந்தவர் எடுக்கும் அடிகளின் அளவு) 72 உள்ள மைதானத்தில் 106 அடித்தேன். 4-ஆவது குழியில் (பார் 4) 9, 11-ஆவதில் (பார் 5) 10, 15-ஆவதில் (பார் 3) 7. இரண்டு வாரத்தில் கிளப் போட்டி வருகிறது. டிரைவரில் (முதல் அடிக்கான நீண்ட மட்டை) அடிக்கும் பந்து வலப்பக்கமாகவே போகிறது என்று உடன் ஆடியவர்கள் சொல்கிறார்கள். ஸ்விங்கை (மட்டை வீசும் முறையை) மாற்ற வேண்டுமா, சில நாள் ஆடாமல் இருக்க வேண்டுமா? ஸ்கோர் கார்டையும் அந்த மூன்று குழிகளில் அடித்த ஷாட்டுகளையும் அனுப்பியிருக்கிறேன். என் ஹேண்டிகேப் என்ன ஆகும்?

பதில்: ஸ்விங்கை மாற்ற வேண்டாம். போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது மாற்றத்தில் இறங்குபவர்கள் பெரும்பாலும் பழையதைத் தொலைத்துவிட்டு, புதியதும் கைவராமல் முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) வந்து நிற்பார்கள். ஆடாமல் இருப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளில் பயிற்சித் திடலுக்குப் போகாதீர்கள், இணையத்தில் ஸ்விங் வீடியோக்களைத் தேடாதீர்கள், புது டிரைவர் விலை விசாரிக்காதீர்கள். மோசமான ஆட்டத்துக்கு மறுநாள் வாங்கிய டிரைவர்கள் எத்தனையோ வீடுகளில் மூலையில் கிடக்கின்றன.

அதற்கடுத்த நாள் ஸ்கோர் கார்டை எடுத்து வைத்துக் கணக்குப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய கார்டில் நான் பார்த்தது இது. வழக்கமான 90-ஐவிட 16 ஸ்ட்ரோக் (அடி) கூடியிருக்கிறது. அந்த மூன்று குழிகளில் மட்டும் 26. உங்கள் தரத்தில் ஆடுபவர் அவற்றை 5, 6, 4 என்று 15-இல் முடிப்பார். ஆக, கூடிப்போன 16-இல் 11 அங்கேயே போயிற்று. மீதி 15 குழிகளில் வழக்கமாக 75, அன்று 80. ஐந்து ஸ்ட்ரோக் ஏறுவதும் இறங்குவதும் ஹேண்டிகேப் 16 உள்ளவருக்கு அன்றாட விஷயம். ஸ்விங் கைவிட்டுப் போன ஒருவருக்கு 15 குழிகளில் 80 வருவதில்லை.

இனி அந்த மூன்று குழிகளுக்கு வருவோம். ஒவ்வொரு ஷாட்டையும் நினைவிலிருந்து எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். மிகவும் உதவியாக இருந்தது.

4-ஆவது குழியில் டிரைவர் வலப்புற மரங்களுக்குள் போனது. அது ஒரு சாதாரணத் தவறு. அதற்குப் பிறகு இரண்டு மரங்களுக்கு நடுவில் தெரிந்த இடைவெளி வழியாக கிரீனை (கொடி நிற்கும் குட்டைப் புல்தரையை) குறிவைத்தீர்கள். பந்து மரத்தில் பட்டு இன்னும் உள்ளே போனது. மூன்றாவது ஷாட்டும் அதே இடைவெளி வழியாகத்தான். நான்காவதில்தான் பக்கவாட்டில் தட்டி வெளியே வந்தீர்கள். அந்தத் தட்டலை இரண்டாவது ஷாட்டிலேயே செய்திருந்தால், கிரீனில் நீங்கள் எடுத்த மூன்று பட்டுகளை (பந்தைக் குழிக்கு உருட்டும் அடிகளை) சேர்த்துக் கொண்டாலும் 7-இல் முடிந்திருக்கும்.

11-ஆவது இன்னும் தெளிவு. நல்ல டிரைவ். தண்ணீரைத் தாண்ட 200 கெஜம் தேவைப்பட்டது. 3-வுட் (டிரைவருக்கு அடுத்த நீண்ட மட்டை) எடுத்தீர்கள், பந்து தண்ணீரில் விழுந்தது. அபராதத்தோடு மூன்று. அதே இடத்திலிருந்து அதே 3-வுட், மறுபடியும் தண்ணீர். ஐந்து. ஆறாவது ஷாட்டில் அயர்ன் (குறைந்த தூரத்துக்கான மட்டை) எடுத்துத் தண்ணீருக்கு முன்னால் நிறுத்தினீர்கள், ஏழாவது கிரீனில் ஏறியது, மூன்று பட்டுகள். உங்கள் 3-வுட் சரியாகப் பட்டால் 205 கெஜம் போகும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பத்தில் எத்தனை முறை அது சரியாகப் படுகிறது? அதற்கு நேர்மையான பதில் இரண்டோ மூன்றோ என்றால், அந்த ஷாட் உங்களுடையதே அல்ல.

15-இல் பங்க்கர் (மணல் பள்ளம்). இரண்டு முறை மணலிலேயே நின்றது. மூன்றாவது, ஆத்திரத்தில் அடித்தது, கிரீனைத் தாண்டிப் பறந்தது. பங்க்கருக்குள் பந்தை ஆட முடியாததாக அறிவித்து, இரண்டு அபராத ஸ்ட்ரோக்குகளோடு பங்க்கருக்கு வெளியே, கொடியிலிருந்து பந்து வழியாகப் பின்னோக்கிச் செல்லும் கோட்டில் டிராப் எடுக்க (பந்தைக் கையால் கீழே விட்டு அங்கிருந்து ஆட) 2019 முதல் விதி அனுமதிக்கிறது. இரண்டு என்பது அதிக விலைதான். ஆனால் மணலிலிருந்து வெளியே வரத் தெரியாத நாளில் அது மலிவு. இந்த விதி இருப்பதே பலருக்குத் தெரியாது.

மூன்று குழிகளிலும் முதல் தவறு சிறியதே. அதை உடனே ஈடுகட்டிவிட வேண்டும் என்று அடித்த அடுத்த ஷாட்தான் ஸ்கோரைக் குலைத்தது. ஆகவே மாற்ற வேண்டியது அந்த இரண்டாவது முடிவை. இதற்குப் பயிற்சித் திடலில் ஆயிரம் பந்து அடித்தாலும் தீர்வு கிடைக்காது.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்பதற்கு 2017 ஓப்பன் சாம்பியன்ஷிப்பைப் பாருங்கள். இங்கிலாந்தின் ராயல் பிர்க்டேல் மைதானத்தில் கடைசிச் சுற்று. ஜோர்டன் ஸ்பீத் 13-ஆவது குழியில் டிரைவரை வலப்பக்கம் எங்கேயோ அடித்துவிட்டார். இதற்கு முந்தைய ஆண்டுதான் மாஸ்டர்ஸ் போட்டியில் ஐந்து ஸ்ட்ரோக் முன்னணியோடு கடைசிச் சுற்றின் இரண்டாம் பாதிக்குள் நுழைந்து, 12-ஆவது குழியில் 7 அடித்துப் பட்டத்தைக் கோட்டை விட்டிருந்தார். அந்த நினைவு அவருக்குள் இல்லாமலா இருந்திருக்கும்? பிர்க்டேலில் அவர் மேட்டிலிருந்து வீரசாகசம் எதையும் முயலவில்லை. பந்தை ஆட முடியாததாக அறிவித்தார், ஒரு அபராத ஸ்ட்ரோக்கை ஏற்றார், விதிகளை அலசி, நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டு, பயிற்சித் திடல் பக்கம் போய் டிராப் எடுத்து அங்கிருந்து ஆடினார். போகி. அதாவது பாரைவிட ஓர் அடி அதிகம். அதுவரை மற்றொருவரோடு சமமாகப் பகிர்ந்திருந்த முன்னணி போனது, ஆனால் ஒரே ஒரு ஸ்ட்ரோக்தான் பின்தங்கினார். அடுத்த நான்கு குழிகளில் பேர்டி (பாரைவிட ஒன்று குறைவு), ஈகிள் (இரண்டு குறைவு), பேர்டி, பேர்டி. மூன்று ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் கோப்பை. எல்லோரும் அந்த ஈகிளைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் போகிதான் ஆட்டத்தின் உச்சம்.

அமெரிக்காவின் தொழில்முறைத் தொடரான பிஜிஏ டூர் இதற்கென்றே ஒரு புள்ளிவிவரம் வைத்திருக்கிறது: பாருக்கு மேல் அடித்த குழிக்கு அடுத்த குழியில் ஒருவர் எத்தனை சதவீதம் பாருக்குக் கீழ் அடிக்கிறார் என்பது. உங்களுக்குப் பேர்டி தேவையில்லை. டபுள் போகிக்கு (பாரைவிட இரண்டு அதிகம்) அடுத்த குழியில் உங்கள் வழக்கமான ஸ்கோர் வந்தால் போதும். அன்று 9-க்குப் பிறகு 5-ஆவது குழியில் என்ன செய்தீர்கள் என்று பார்த்தேன்: குறுகலான ஃபேர்வேயில் (வெட்டிய புல் பாதையில்) முழு பலத்தோடு டிரைவர், பந்து ரஃபில் (ஓரத்து உயரமான புல்லில்), டபுள் போகி. அங்கே 5-அயர்ன் எடுத்திருக்கலாம்.

ஹேண்டிகேப் என்ன ஆகும் என்ற கவலையும் கடிதத்தின் கடைசியில் எட்டிப் பார்க்கிறது. 2020 முதல் நடைமுறையில் உள்ள உலக ஹேண்டிகேப் முறையில், கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டின் சராசரியே கணக்கு. தவிர, ஒவ்வொரு குழிக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு: பார், அதோடு இரண்டு, அதோடு அந்தக் குழியில் உங்களுக்குக் கிடைக்கும் சலுகை ஸ்ட்ரோக். அந்த மூன்று குழிகளிலும் உங்களுக்கு ஒரு ஸ்ட்ரோக் சலுகை உண்டென்று கொண்டால் 9, 10, 7 என்பவை 7, 8, 6 ஆகச் சுருங்கும். 106 என்பது 101 ஆகப் பதிவாகும். அது சிறந்த எட்டில் சேரப் போவதில்லை. இருபதாவது இடத்திலிருந்து வெளியே தள்ளப்படும் பழைய சுற்று நல்ல சுற்றாக இருந்தால் மட்டும் ஹேண்டிகேப் எண் சற்று உயரலாம். இந்த முறையே உங்கள் நல்ல நாட்களை அளப்பது. அதனால் ஹேண்டிகேப்பைவிட மோசமாக ஆடும் நாட்களே எவருக்கும் அதிகம்.

அடுத்த இரண்டு வாரத்துக்கு வருகிறேன். பயிற்சித் திடலில் ஒரே மட்டையால் ஐம்பது பந்து அடிப்பதை நிறுத்துங்கள். மைதானத்தின் குழிகளை மனத்தில் வைத்து, டிரைவர், 7-அயர்ன், வெட்ஜ் (குறுந்தூர மட்டை) என்று ஒவ்வொரு பந்துக்கும் மட்டையை மாற்றி, ஒவ்வொரு முறையும் புதிதாகக் குறி எடுத்து அடியுங்கள். திடலில் ஷாட்டுகள் முன்புபோல் அழகாக இருக்காது; எரிச்சல் வரும். ஆனால் மைதானத்தில் யாரும் ஒரே ஷாட்டை இரண்டு முறை அடிப்பதில்லையே. ஒவ்வொரு முறையும் பத்துப் பந்துகளையாவது பக்கவாட்டுத் தட்டலுக்கு ஒதுக்குங்கள்: 7-அயர்ன், பந்து பின்காலுக்கு நேராக, கிளை உயரத்துக்குக் கீழே உருண்டோடும் ஷாட். அதைப் பயின்று வைத்திருப்பவருக்குத்தான் மரங்களுக்குள் நிற்கும்போது அது நினைவுக்கு வரும்.

பங்க்கருக்கு ஒரு மாலை. மணலில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு, பந்தே இல்லாமல் அந்தக் கோட்டில் மட்டை விழும்வரை பழகுங்கள். உங்களைப் போல் மணலிலேயே பந்தை விடுபவர்கள் அநேகமாகப் பாதியில் ஸ்விங்கை நிறுத்துகிறார்கள்.

பட்டிங்கில் மூன்றடித் தூரமும் நாற்பதடித் தூரமும் பழகினால் போதும். நாற்பதடியிலிருந்து அடித்த பந்து குழிக்கு மூன்றடிக்குள் நின்றால் மூன்று பட்டுகள் வராது. நடுவில் உள்ள தூரங்களுக்காக உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம்: எட்டடித் தூரத்திலிருந்து பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே ஏறத்தாழப் பாதிதான் போடுகிறார்கள், பத்தடியிலிருந்து பத்தில் நான்கு. ரோரி மெக்கில்ராய் 2011 மாஸ்டர்ஸில் நான்கு ஸ்ட்ரோக் முன்னணியோடு கடைசி நாள் 80 அடித்தார். அதன்பின் அவர் தேடிப் போனது டேவ் ஸ்டாக்டனிடம், பட்டிங் ஆலோசனைக்காக. இரண்டே மாதத்தில் யு.எஸ். ஓப்பனை எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார்.

போட்டியன்று கையில் இரண்டு விஷயம் போதும். ஒன்று, தவறு நடந்தவுடன் கோபத்துக்கு எல்லை. டைகர் வுட்ஸுக்குப் பத்துக் கெஜ விதி என்று ஒன்று உண்டு: அவ்வளவு தூரம் நடக்கும்வரை கோபப்படலாம், அதற்குமேல் இல்லை. கோபமே கூடாது என்று எந்த ஆட்டக்காரரிடமும் நான் சொல்வதில்லை, முடியாத காரியம். எல்லையைத் தாண்டியதும் பந்தை அடைவதற்கு முன் ஒரு கேள்வி: இங்கிருந்து பத்தில் எட்டு முறை என்னால் அடிக்க முடிகிற ஷாட் எது? அதை அடியுங்கள். உடன் ஆடுபவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இரண்டு, ஷாட் அடிக்கும்போது முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு எதையும் நினைக்காதீர்கள். அனுபவமுள்ள கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்து உளவியலாளர் சியான் பைலாக் குழுவினர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் ஸ்விங்கையே கவனித்தபடி பட் செய்தபோது ஆட்டக்காரர்கள் மோசமாக ஆடினார்கள். வேறொரு ஒலியைக் கவனிக்கச் சொன்னபோது அதைவிட நன்றாக ஆடினார்கள். கற்றுக்குட்டிகளுக்கு இது தலைகீழ். நீங்கள் கற்றுக்குட்டி அல்ல. பந்து போய் விழ வேண்டிய இடத்தைப் பாருங்கள், அடியுங்கள்.

டிரைவர் வலப்பக்கம் போவது பற்றி: போட்டிவரை அதோடு வாழுங்கள். டீயின் வலது ஓரத்தில் நின்று ஃபேர்வேயின் இடது பாதியைக் குறிவையுங்கள்; வலப்பக்கம் எல்லைக் கோடு இருக்கும் குழிகளில் டிரைவரைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். போட்டி முடிந்தும் மூன்று நான்கு சுற்றுகளாக அதே மட்டை அதே பக்கம் போனால், அல்லது ஆடும்போது தோளிலோ மணிக்கட்டிலோ வலி இருந்தால், அப்போது பயிற்சியாளரிடம் போக வேண்டும். வலி என்றால் முதலில் மருத்துவரிடம். பயிற்சியாளரிடம் போகும்போது அந்தச் சுற்றுகளின் கார்டுகளையும், முன்பக்கத்திலிருந்து ஒன்றும் இலக்கை நோக்கிய கோட்டில் உங்களுக்குப் பின்னாலிருந்து ஒன்றுமாக இரண்டு வீடியோக்களையும் கொண்டுபோங்கள். திடலில் எடுத்ததைவிட மைதானத்தில் எடுத்தவை நல்லது. பெரும்பாலும் அவர் முதலில் பார்க்கப்போவது உங்கள் பிடியையும் நீங்கள் நிற்கும் கோணத்தையும்தான். அவை இரண்டும் ஒரு மணி நேரத்தில் திருத்தக் கூடியவை.