ஓவியரின் ஸ்டுடியோவுக்குள் பார்வையாளர்கள் வந்தால் வேலை கெடாதா?

இயற்கைக்காட்சி வரைபவருக்கு வெளியில்தானே வேலை, ஸ்டுடியோ எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் வாழ்ந்த ஓவியர் பால் செசானை வைத்துச் சொல்கிறேன்.

1902-இல் நகரத்துக்கு வடக்கே, லே லோவ் குன்றின் சரிவில் தனக்கென்று ஒரு ஸ்டுடியோ கட்டினார். மாடியில் வடக்குப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல். நேர் வெயில் விழாததால் நாள் முழுக்க வெளிச்சம் அதிகம் மாறாது. பெரிய கான்வாஸ்கள் படிக்கட்டில் இறங்காது என்று சுவரிலேயே உயரமான ஒடுங்கிய பிளவு ஒன்று விட்டார். எவ்வளவு யோசித்திருக்கிறார் பாருங்கள்! அங்கிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் சாந்த் விக்துவார் மலை தெரியும். அதைத் திரும்பத் திரும்ப வரைந்தார்.

சரி, பார்வையாளர்? 1904-இல் எமில் பெர்னார் என்ற இளைய ஓவியர் வந்தபோது, கீழ்த்தள அறையை அவர் வரைய செசான் விட்டுக்கொடுத்தார். மேலே செசான், கீழே பெர்னார். மாடியில் இருந்த மண்டையோட்டுப் படம் அந்த ஒரு மாதத்தில் ஏறக்குறைய தினமும் நிறமும் வடிவமும் மாறியதை பெர்னார் எழுதிவைத்தார். விருந்தாளி வந்ததால்தான் நமக்கு அந்த வேலைமுறை தெரிகிறது. ஆனால் யாரும் தன்னைத் தொடுவது செசானுக்கு ஆகாது. ஒருநாள் தடுமாறியவரை பெர்னார் பிடித்ததற்கே கடுங்கோபம் கொண்டார். அதனால் கதவைத் திறங்கள், எல்லையையும் சொல்லிவிடுங்கள் என்பேன்.

1906 அக்டோபரில் வெளியே வரைந்துகொண்டிருந்தபோது மழையில் நனைந்து விழுந்தார். சில நாளில் இறந்தார். 1954-இல் அந்த ஸ்டுடியோ பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.