ஒரு காதில் கதை, மறு காதில் யானை

கேள்வி: ஒலிநூல்களையும் தியான ஒலிப்பதிவுகளையும் தொடர்ந்து கேட்பவர்கள் இங்கே இருக்கிறீர்களா? உண்மையில் பயன் உண்டா? உங்கள் அனுபவம் என்ன?

இருக்கிறேன். ஆறேழு வருடமாகக் கேட்கிறேன். ஒலிநூலுக்கு என் பதில் 'ஓம், கட்டாயம்'. தியானப் பதிவுக்கு 'பொறுங்கள், கொஞ்சம் கதைக்க வேண்டியிருக்கிறது'.

முதலில் நான் எங்கே, எப்போது கேட்கிறேன் என்று சொல்ல வேண்டும். இலங்கையின் வடக்கே, வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கம் என் ஊர். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் வயல் இருக்கிறது. காலபோகத்தில், அதாவது மாரி மழையை நம்பி விதைக்கிற போகத்தில், கதிர் பால் பிடிக்கத் தொடங்கினால் இரவுக் காவலுக்குப் போகாமல் முடியாது. ஒரு இரவு விட்டால் பன்றி கிண்டிப் போட்டுவிடும். யானை வந்தால் சொல்லவே வேண்டாம், விடியும்போது வரம்பும் இருக்காது. மார்கழிக் குளிரில் காவல் கொட்டிலுக்குள் சாக்கைப் போர்த்திக்கொண்டு, ரோர்ச் லைற்றும் தகரமும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விடியும் வரை முழித்திருக்க வேண்டும். முதல் இரண்டு மணிநேரம் போன் பார்க்கலாம். அதற்குப் பிறகு கண் எரியும். வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு இருட்டில் ஒன்றும் தெரியாது. அது காவலுக்கே ஆபத்து. அப்படித்தான் காதால் படிக்கத் தொடங்கினேன்.

ஒரு காதால் மட்டும். வலது காதில் கதை, இடது காது யானைக்கு. யானை பெரிய மிருகம், தூரத்திலேயே கேட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். அது நடப்பது கேட்காது. ஒரு கொப்பு முறியும், அவ்வளவுதான் அறிவிப்பு.

இதில் தொடக்கத்திலேயே ஒரு கூத்து நடந்தது. நாடகம் மாதிரிப் பல குரல்களில் பதிவு செய்த ஒரு கதையைப் போட்டேன். கதாநாயகி கேட்கிறாள், அழுகிறாள், கோபிக்கிறாள், ஆனால் யாரும் பதில் சொல்வதில்லை. பாவம், தனக்குத் தானே கதைக்கிற பெண் போலிருக்கிறது, நல்ல புதுமையான எழுத்துத்தான் என்று ஒரு இரவு முழுக்க வியந்து கேட்டேன். விடிந்த பிறகு இரண்டு காதிலும் மாட்டிப் பார்த்தால், அவளுடைய புருசன் இடது பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருக்கிறான். ஸ்டீரியோவில் பிரித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு காதால் கேட்பவர்கள் போனின் அணுகல்தன்மை (Accessibility) அமைப்புக்குள் போய் 'மோனோ' என்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகி வரும். ஒரு காது கேட்காதவர்களுக்கும் இது பெரிய உதவி.

இன்னொன்று டேட்டா. வயலில் கவரேஜ் வரும் போகும், அங்கே இருந்து நேரடியாகக் கேட்பது சரிவராது. குரல் பதிவுக்கு 64 கே.பி.பி.எஸ். தரம் தாராளம். அந்தக் கணக்கில் ஒரு மணிநேரத்துக்கு 29 எம்.பி. அளவுதான் வரும். 50 மணிநேரக் கதை ஒன்றரை ஜி.பி.க்குள் அடங்கிவிடும். அதையே வீடியோவாக ஓடவிட்டுக் கேட்டால் போனுக்குக் காசு (ரீலோட்) போட்டே வயலை விற்க வேண்டும். ரவுணுக்குப் போகும்போது இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

எதைக் கேட்பது என்றால், நான் 'பொன்னியின் செல்வன்' கேட்டுத்தான் இந்தப் பழக்கத்துக்குள் வந்தேன். பலரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூட நாளில் புத்தகமாகத் தொடங்கி இரண்டாம் பாகத்தோடு விட்டது. கதை எங்கள் தீவுக்கு வருகிற அந்தப் பாகத்தில்தான் புத்தகத்தைக் கைவிட்டேன், இடம்பெயர்ந்தபோது எடுத்துப்போகிற சாமான்களுக்குள் அது இல்லை. காதால் கேட்டபோதுதான் அதன் கட்டு விளங்கியது. கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் தொடராக எழுதியவர். வாசகன் அடுத்த கிழமையும் பத்திரிகை வாங்க வேண்டும், அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். ஒரு அத்தியாயம், எழும்பி வரம்பில் ஒரு சுற்று, திரும்பி வந்து அடுத்த அத்தியாயம். காவல்காரனுக்கென்றே எழுதினது போல இருக்கும்.

நவீன எழுத்தில் எல்லாம் அப்படி அமையாது. நீண்ட நீண்ட வாக்கியமாக, மனதுக்குள்ளேயே ஓடுகிற கதைகளைக் கண்ணால்தான் படிக்கலாம். காதில் போட்டால் மூன்றாம் நிமிடம் நான் உரத்தின் விலையை யோசித்துக்கொண்டிருப்பேன். கட்டுரை நூல்களும் அப்படியே.

வாசிக்கிற குரலைப் பற்றி ஒரு குறை சொல்லாமல் விட முடியாது. ஈழத்துக் கதைகளை இயந்திரக் குரலில் வாசிக்கவிட்டுப் பதிவேற்றுகிறார்கள். நாங்கள் ஆங்கிலத்து 'ட' ஓசைக்கு 'ர' போட்டு எழுதுகிற ஆட்கள். ரீச்சர், ரவுண், ரொறன்ரோ என்று எழுதினாலும் வாயில் 'டீச்சர்', 'டவுண்' என்றுதான் வரும். இது இயந்திரத்துக்குத் தெரியாது. ஒரு கதையில் 'ரீ குடிச்சிட்டுப் போங்கோ ரீச்சர்' என்ற வரியை அது எழுத்து எழுத்தாக 'ரீ' என்றே வாசித்தபோது, கொட்டிலுக்குள் தனியாக இருந்து சிரித்தேன். மனிதர்கள் வாசித்தாலும் சில பதிவுகளில் எங்கள் ஊர்ப் பேச்சு, மேடையில் மாறுவேடப் போட்டிக்கு வந்த பிள்ளை மாதிரி இருக்கும். வாசிப்பவர் எங்கள் பேச்சை நடிக்கத் தேவையில்லை. தன் குரலில், எழுதியிருப்பதை அவசரப்படாமல் வாசித்தால் போதும், மிச்சத்தை நாங்கள் போட்டுக்கொள்வோம்.

ஏனென்றால் கேட்டுப் பழகிய சனம் நாங்கள். சின்ன வயதில் கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கும். ஒருவர் பாட்டை இழுத்துப் படிப்பார், மற்றவர் பயன், அதாவது அதன் பொருள், சொல்லுவார். எங்கள் அப்பப்பா பயன் சொல்லுகிறவர். சூரன் போரில் அவர் குரல் ஏறுகிற இடத்தில் கிழவிகள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். பிறகு தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், பற்றரி வன்னிக்குள் வரத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோ வயரை ரேடியோவுக்குக் கொடுத்து, கையால் பெடலைச் சுற்றுவோம். பி.பி.சி. தமிழோசை போகிற நேரம் முற்றத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள். சுற்றுவது என் வேலை. கை தளர்ந்தால் குரல் மங்கும், 'டேய்' என்று நாலு பக்கத்தாலும் ஏச்சு விழும். இன்றைக்கு யாராவது ஒலிநூல் புது நாகரிகம் என்றால் எனக்கு அந்தத் தோள் நோவுதான் நினைவுக்கு வருகிறது.

சரி, தியானத்துக்கு வருவோம்.

எனக்கு நித்திரைப் பிரச்சினை. காவல் முடிந்த மாதங்களிலும் இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடும். ஒரு நண்பன் யோக நித்திரைப் பதிவு ஒன்று அனுப்பினான். மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, அந்தக் குரல் சொல்லச் சொல்ல உடம்பின் ஒவ்வொரு இடமாக நினைப்பைக் கொண்டுபோக வேண்டும். வலது கைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்று தொடங்கும். 'நித்திரை கொள்ளாதீர்கள்' என்று அடிக்கடி சொல்லும். நான் ஒரு நாளும் வலது தோளைத் தாண்டினதில்லை. வீட்டில் அது நல்ல விசயம். ஆனால் புத்தி கெட்டுப் போய் ஒரு நாள் கொட்டிலிலும் போட்டுப் பார்த்தேன், மனது ஒருநிலைப்பட்டால் காவல் இன்னும் கூர்மையாக இருக்கும் என்று. விடிய எழும்பிப் பார்த்தால் வடக்கு மூலையில் இரண்டு பரப்பு (எங்கள் பக்கத்து நில அளவு) நெல் பன்றிக்குப் போயிருந்தது. பதிவில் குறை சொல்ல முடியாது, அது தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது.

அம்மாவின் கதை வேறு. அவவுக்கும் இரவில் நித்திரை இல்லை. தமிழில் நல்ல இனிமையான பெண் குரலில் ஒரு பதிவைப் போட்டுக் கொடுத்தேன். 'கண்களை மூடுங்கள். நீங்கள் ஒரு அமைதியான கடற்கரையில் இருக்கிறீர்கள். அலைகள் உங்கள் பாதத்தைத் தொடுகின்றன.' பின்னணியில் அலைச் சத்தமும் உண்டு. அம்மா எழும்பி இருந்துவிட்டா. 'நிப்பாட்டு தம்பி' என்றா. அம்மா பிறந்தது முல்லைத்தீவுக் கரையில். 2004 மார்கழி 26 சுனாமியில் அந்தக் கடல் அவவின் தமக்கையைக் கொண்டுபோனது. 2009இல் அதே கரையோரத்தில் நாங்கள் எல்லாரும் எப்படி இருந்தோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. நான்தான் யோசித்திருக்க வேண்டும். அந்தப் பதிவைச் செய்தவரில் பிழையில்லை, அவருடைய கடற்கரை வேறு.

அதன் பிறகு எனக்கு ஒரு பழக்கம். யாருக்கும் அனுப்ப முன் முழுவதையும் நான் ஒருக்கால் கேட்டுவிடுவேன். கண்ணை மூடச் சொல்வதே சிலருக்கு ஒத்துவராது. கண்ணை மூடினால்தான் அவர்களுக்கு எல்லாம் தெரியத் தொடங்கும். அப்படியானவர்கள் கண்ணைத் திறந்து விளக்கையோ நிலத்தையோ பார்த்தபடி மூச்சை எண்ணலாம், ஒரு குறையும் இல்லை. பாரமாக இருந்தால் நிறுத்திவிடுங்கள், தாங்கிக்கொண்டு இருப்பது தியானமல்ல. ஊருக்கு வந்த ஒரு உளவளத்துணையாளர் அம்மாவிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'அம்மா, நீங்கள் முந்தி என்ன சொல்லிக் கும்பிடுவீங்கள்?' 'நமசிவாய' என்றா. 'அதையே மூச்சோடு சேர்த்து ஆறுதலாச் சொல்லுங்கோ, வேற ஒண்டும் வேண்டாம்.' உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் இதைத்தான் வலியுறுத்தி எழுதியிருக்கிறார்கள். சைவருக்கு மந்திரம், கிறிஸ்தவருக்குச் செபம், முஸ்லிமுக்குத் திக்ரு என அவரவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அம்மா இப்போது போனைத் தொடுவதில்லை.

தமிழ்ப் பதிவுகளின் மொழியும் ஒரு இடைஞ்சல். 'உங்கள் கவனத்தை உங்கள் சுவாசத்தின் மீது கொண்டு வாருங்கள். உங்களை நீங்களே தளர அனுமதியுங்கள்.' யார் யாருக்கு அனுமதி கொடுப்பது? பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்புகிற மாதிரி இருக்கிறது. இந்த விசயத்தில் வேதாத்திரி மகரிஷியின் குரலிலேயே உள்ள பழைய பதிவுகள் எனக்குப் பிடிக்கும். அவருடைய தத்துவம் எல்லாம் எனக்கு விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மனிதர் தமிழில் நினைத்துத் தமிழில் சொல்கிறார்.

கடைசியாக என் மச்சான். கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இல்லாத அந்தக் காலில் இரவில் கடியும் குத்தும் வரும், வைத்தியர்களும் அப்படி வருவது வழமைதான் என்றார்கள். உடல் முழுவதையும் ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்கச் சொல்கிற இன்னொரு வகைப் பதிவு இருக்கிறது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜோன் கபட்-சின் என்பவர் நோயாளிகளுக்கென்று தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் இருந்து பரவியது. அது இடது கால் விரல்களில் இருந்துதான் தொடங்கும். மச்சானுக்கு அதைப் போட்டுவிட்டேன், யோசிக்கவில்லை. 'இப்போது உங்கள் இடது காலின் பெருவிரலை உணருங்கள்.' நான் பாய்ந்து நிறுத்தப் போனேன். அவன் கையைத் தட்டிவிட்டுச் சொன்னான்: 'விடடா. நல்லா உணருது. அதுதானே எனக்குப் பிரச்சினை.'

பிறகு நானே அவனுக்கென்று ஒன்று பதிவு செய்தேன். போனில், திண்ணையில் இருந்து, பன்னிரண்டு நிமிடம். வலது காலில் தொடங்கி, இடுப்புக்கு வந்து, இடது பக்கம் துடையோடு நிறுத்தி, மேலே போகும். 'சரி, ஆறுதலா மூச்சு விடு' என்று எங்கள் பேச்சிலேயே சொன்னேன். நடுவில் இரண்டு இடத்தில் வீட்டு நாய் குலைக்கிறது. திருப்பிப் பதிவு செய்து நாயை வெட்டித் தருகிறேன் என்றேன். வேண்டாமாம். நாய் குலைத்தால்தான் வெளியில் ஆள் இருக்கிறது என்ற நினைப்பு வருகிறதாம். வேகத்தை மட்டும் குறைக்கச் சொல்கிறான், கணக்கு வாசிக்கிற மாதிரி இருக்கிறதாம். அறுவடை முடியட்டும் என்று இருக்கிறேன்.