நாவலைப் படித்தவர்களுக்கு அதன் டிவி எபிசோட் ஏன் பாதிதான் பிடிக்கிறது?

ஒரு கதையை வேறொரு வடிவத்துக்கு மாற்றிச் சொல்வதுதான் தழுவல். படித்தவருக்கு ஏற்கெனவே தலைக்குள் ஒரு படம் ஓடியிருக்கும். திரையில் வருவது அதோடு மோதும்.

நாவல் வரிசை ஒன்றிலிருந்து எடுத்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் என்ற ஆங்கில டிவி தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாவல் 1996-ல் வந்தது, தொடர் 2011-ல். நாவலில் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே ஒரு பாத்திரத்தின் மனசுக்குள்ளிருந்து நகரும். கேமராவால் மனசுக்குள் போக முடியாது. ஆனால் யார் அறைக்குள்ளும் போகலாம். அதனால்தான் முதல் சீசன் ஐந்தாவது எபிசோடில் ராஜா ராபர்ட்டும் ராணி செர்சியும் குடித்தபடி, ஒட்டாமலே போன தங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசும் காட்சி கிடைத்தது. நாவலில் அது கிடையாது. அந்த சீசனிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். ஒன்பதாவதில் செர்சியின் தம்பி டிரியன் போருக்குக் கிளம்பும்போதே அடிபட்டு மயங்கிவிடுகிறான்; கண் விழித்தால் சண்டை முடிந்திருக்கிறது. நாவலில் கோடாரியும் கையுமாக இறங்கிச் சண்டை போடுவான். போர்க்களம் எடுக்கப் பணமும் நாளும் வேண்டுமே! (ஓசூர் பஸ்ஸில் போனில் பார்த்துக்கொண்டிருந்தவன் ‘அடப்பாவிகளா’ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.)

தழுவலும் மாங்கூழ் மாதிரிதான். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் பெங்களூரா மாம்பழம் மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போகும். தோலும் கொட்டையும் அங்கேயே நின்றுவிடும். கூழ் மாசக்கணக்கில் கெடாமல் எங்கெங்கோ பயணம் போகும். தோப்பில் முழங்கை வரை சாறு வழியக் கொட்டையைச் சப்பியவனுக்கு அந்த ஜூஸில் ஏதோ குறையும். முதல்முறை குடிப்பவருக்கு அப்படித் தோன்றாது.

வரிக்கு வரி அப்படியே எடுத்தால் குறையிருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எடுத்திருந்தால் ராபர்ட்டும் செர்சியும் பேசியே இருக்கமாட்டார்கள்.