முதலில் வாயைப் பாருங்கள்

வாசகர்களின் மீன் கேள்விகளுக்கு, புழல் ஏரிக்கரையில் வசிக்கும் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை பதில் அளிக்கிறார்.

கேள்வி: கடையில் ரோகு என்று சொல்லித் தந்த மீனை, வீட்டில் என் மாமியார் பார்த்தவுடன் மிருகால் என்றார். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் எனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. எப்படிப் பிரித்தறிவது?
— வாசகி, பெரம்பூர்

உங்கள் மாமியாரிடம் எதை வைத்துச் சொன்னார் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக வாயைப் பார்த்திருப்பார்.

நான் காசிமேட்டில் பிறந்தவள். வஞ்சிரம், சங்கரா, கவளை என்றால் இருட்டில் தடவிப் பார்த்தே பெயர் சொல்லிவிடுவேன். திருமணமாகிப் புழலுக்கு வந்தபோது ஏரி மீன் எல்லாமே எனக்குக் கெண்டைதான். கையில் விலங்கியல் பட்டம் இருந்தது. ஆனால் கல்லூரியில் நாங்கள் பார்த்தவை கண்ணாடிச் சாடிக்குள் ஃபார்மலினில் வெளுத்துக் கிடந்த மீன்கள். அவற்றை மனப்பாடம் செய்தவளுக்கு முறத்தில் துள்ளுகிற மீன் புதிதாக இருந்தது. என் மாமியார் பள்ளிக்கூடம் போனதில்லை. மூன்று மீன்களை வரிசையாக வைத்து, "நிறத்தைப் பார்க்காதே அம்மா, அது தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். வாயைப் பார், எங்கே மேய்கிறது என்று அதுவே சொல்லும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் பிறகு முப்பது ஆண்டுகள் பாடம் நடத்தினேன்.

கட்லாவின் தலை பெரியது. உடம்பு அகலம். கீழ்த்தாடை முன்னால் நீண்டு, வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். நீரின் மேல்மட்டத்தில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும் மீன் அது. செவுளைத் திறந்து பார்த்தால் உள்ளே சீப்புப் பற்கள் போல நெருக்கமாக, மெல்லிய வடிகட்டி தெரியும். மீசை கிடையாது.

ரோகுவின் தலை உடம்போடு ஒப்பிட்டால் சிறியது. வாய் சற்றே கீழ்நோக்கியது. உதட்டைத்தான் கவனிக்க வேண்டும்: தடித்து, ஓரத்தில் துணியின் குஞ்சம் போலப் பிசிறு பிசிறாக இருக்கும். நடுமட்டத்தில் மேய்கிற மீன் இது. செதில்களிலும் துடுப்புகளிலும் செம்மை படர்ந்திருக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் ஐஸில் ஒரு நாள் கிடந்த மீனில் அந்தச் செம்மையைத் தேடிப் பயனில்லை.

மிருகால் மூன்றிலும் ஒல்லி. மூக்கு மழுங்கியிருக்கும். வாய் அடியில், அகலமாக. உதடு மெல்லியது, பிசிறு இல்லை. ஏரியின் அடியில் படிந்து மட்குவதைத் தின்று வாழ்கிறது. எனவே கடைக்காரர் தந்த மீனின் உதட்டை விரலால் நீவிப் பாருங்கள். குஞ்சம் இருந்தால் ரோகு, இல்லையென்றால் உங்கள் மாமியார் சொன்னதே சரி.

மேல், நடு, அடி என்று மூன்றும் மூன்று மட்டத்தில் மேய்வதால்தான் ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்கிறார்கள். ஒன்றின் சோற்றில் மற்றொன்று கை வைப்பதில்லை. இந்த மூன்று பெயர்களும் தமிழ் இல்லை என்று கவனித்திருப்பீர்கள். கங்கைச் சமவெளியின் மீன்கள் இவை. ஸ்காட்லாந்து மருத்துவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822-இல் இவற்றுக்கு அறிவியல் பெயர் வைத்தபோது அங்கே வழங்கிய பெயர்களையே எடுத்துக்கொண்டார். முன்பெல்லாம் குஞ்சுகளை ஆற்றில்தான் பிடித்தாக வேண்டும். 1957 ஜூலை 10-ஆம் தேதி கட்டாக்கில் மீன் விஞ்ஞானிகள் ஹீராலால் சௌத்ரியும் அலிகுஞ்ஞியும், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் கெண்டையை முட்டையிடச் செய்தார்கள். பெரம்பூர் கடைவரை ரோகு வந்து சேர்ந்ததற்கு அந்த ஊசியும் ஒரு காரணம்.

இன்னொன்று. கெண்டை வாங்கும்போது தலையைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அடையாளம் முழுவதும் தலையில் இருக்கிறது. தலை போன துண்டத்தைப் படமெடுத்து அனுப்பி, இது என்ன மீன் என்று கேட்பவர்களுக்கு என்னால் பதில் எழுத முடிவதில்லை.

கேள்வி: 'ஏரி வவ்வால்' என்று மலிவாக வாங்கினோம். கழுவும்போது வாயைத் திறந்தால் மனிதப் பல்லைப் போலவே பற்கள். பயந்துபோய்த் தூக்கி எறிந்துவிட்டோம். என்ன மீன் அது?
— வாசகர், வியாசர்பாடி

எறிந்திருக்க வேண்டாம், அது தின்னக்கூடிய மீன்தான். ஆனால் வவ்வால் அல்ல. தென் அமெரிக்காவைச் சேர்ந்த பாக்கு என்னும் நன்னீர் மீன். வளர்ப்பவர்கள் ரூப்சந்த் என்பார்கள். கொட்டைகளையும் பழங்களையும் கடித்து அரைக்கும் மீன் என்பதால் கடைவாய்ப் பல் போன்ற தட்டைப் பற்கள். பிரானா என்று சிலர் பயமுறுத்துவார்கள். பிரானாவும் இதற்கு உறவுதான், ஆனால் அதன் பற்கள் முக்கோணக் கத்திகள்.

இரண்டு இடங்களைத் தொட்டுப் பார்த்தால் போதும். பாக்குவின் முதுகில், வால் பக்கமாக, முள்ளே இல்லாத சின்னஞ்சிறு சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். வவ்வாலுக்கு அது கிடையாது. அடுத்து வயிற்றைப் பாருங்கள். பாக்குவுக்கு வயிற்றுத் துடுப்பு இரண்டு உண்டு. வளர்ந்த வவ்வாலுக்கு, வெள்ளையானாலும் கறுப்பானாலும், வயிற்றுத் துடுப்பே இல்லை. காசிமேட்டுப் பிள்ளையான எனக்கு, பாக்குவை வவ்வால் என்று விற்பது பொறுக்கவே முடியாத காரியம். பாக்கு என்று சொல்லியே விற்கலாமே. வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளட்டும்.

கேள்வி: ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை இருந்தும் உயிரோடு தொட்டியில் வைத்து விற்கிறார்கள். கேட்டால் நாட்டுக் கெளுத்தி என்கிறார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகர், மாதவரம்

முடியும், கொஞ்சம் பொறுமை வேண்டும். கெளுத்தி என்ற ஒரே சொல்லுக்குள் நாம் பல மீன்களை அடைத்து வைத்திருப்பதுதான் முதல் சிக்கல்.

செதில் இல்லை, மீசை உண்டு என்றால் கெளுத்திக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு முதுகைப் பாருங்கள். முதுகுத் துடுப்பின் முன்னால் உறுதியான முள், பின்னால் ஒரு சதைத் துடுப்பு, வால் கவை போலப் பிளந்தது, மீசை நான்கு ஜோடி: இது நாம் குழம்பு வைக்கிற சின்னக் கெளுத்தி. வாய் கண்ணையும் தாண்டிக் கிழிந்து, மீசை இரண்டே ஜோடியாக, முதுகில் ஒரு சிறு துடுப்பு மட்டும் இருந்தால் வாளை. முதுகுத் துடுப்பு விரல் நுனி அளவுக்குச் சுருங்கி, உடல் கருஞ்சிவப்பாக, மீசை நான்கு ஜோடி இருந்தால் அதைக் கையால் தொடாதீர்கள். அது தேளி. பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. மார்புத் துடுப்பின் முள்ளில் விஷம். என் மாமியாரின் கட்டைவிரலில் ஒரு முறை குத்தி, தோள் வரை வலி ஏறி, இரவு முழுக்க உட்கார்ந்தே இருந்தார். பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும். வீக்கம் ஏறினாலோ முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இப்போது உங்கள் மீனுக்கு வருகிறேன். முதுகுத் துடுப்பு கழுத்திலிருந்து வால் வரை ஒரே நீளமாக ஓடி, அதில் முள்ளும் இல்லை, பின்னால் சதைத் துடுப்பும் இல்லை என்றால் அது காற்றைச் சுவாசிக்கும் கெளுத்தி. நம் நாட்டு இனத்துக்கும் ஆப்பிரிக்க இனத்துக்கும் இந்த அமைப்பு பொது. குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. உருவத்தை வைத்து ஓரளவு சொல்லலாம், ஏனென்றால் ஆப்பிரிக்க இனம் ஒரு மீட்டரைத் தாண்டியும் வளரும். ஆனால் குட்டியாக இருக்கும்போது அளவு உதவாது. மண்டையின் பின்விளிம்பைத் தடவுங்கள். நம் மீனில் அது ஒற்றை முனையாக முடியும். ஆப்பிரிக்க மீனில் மூன்று முனையாக, அலையலையாக இருக்கும். அடுத்து மார்புத் துடுப்பின் முள். நம் மீனில் உட்பக்க விளிம்பிலும் ரம்பப் பல் தட்டுப்படும். ஆப்பிரிக்க மீனில் வெளிப்பக்கம் மட்டுமே பல், உட்பக்கம் வழவழப்பு. உயிருள்ள மீனில் இதைச் சோதிக்காதீர்கள்.

தடை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது கண்ணில் பட்ட மீன், தவளை, புழு எல்லாவற்றையும் தின்னும். குட்டையின் தண்ணீர் கெட்டாலும் சாகாது. ஒரு மழை வெள்ளத்தில் பண்ணையிலிருந்து ஏரிக்குள் தப்பிவிட்டால், குறவைக்கும் கெளுத்திக்கும் அங்கே இடம் இருக்காது. வெள்ளம் வராத ஊரா நம் ஊர்?

கேள்வி: குறவை என்பது விராலின் குட்டியா?
— வாசகி, பொன்னேரி

இல்லை. இரண்டும் ஒரே பேரினம், வெவ்வேறு இனம். செவுள் மூடிக்குப் பின்னால் தொடங்கி வால் அடிவரை, உடலின் பக்கவாட்டில் ஓடும் கோட்டின் மேலுள்ள செதில்களை எண்ணுங்கள். குறவைக்கு 40-க்குள் முடிந்துவிடும். விராலுக்கு 50-ஐத் தாண்டும். ஒரு சாண் விராலையும் ஒரு சாண் குறவையையும் பக்கத்தில் வைத்தால் குறவையின் செதில் பெரிதாகத் தெரிவது இதனால்தான். விராலின் உண்மையான குட்டிகளைப் பார்க்க ஆசையென்றால், குளத்தில் செம்மஞ்சள் நிறத்தில் கூட்டமாக மேலே வந்து வந்து போவதைத் தேடுங்கள். அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். அந்த நேரத்தில் பெரிய மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பவர்களை என் மாமியார் வாய்க்கு வந்தபடி திட்டுவார். நானும் திட்டுகிறேன்.

கேள்வி: பனையேறி கெண்டை உண்மையிலேயே பனை ஏறுமா?
— வாசகர், ராயபுரம்

தரங்கம்பாடியில் இருந்த டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, 1791-இல் குளத்தோரப் பனையின் பட்டைப் பிளவில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே இந்த மீனைப் பிடித்ததாக எழுதி வைத்தார். பறவை கொத்திக் கொண்டுபோய் விட்டதாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். மரம் ஏறுவதை நான் பார்த்ததில்லை. மழை நாளில் ஈரத் தரையில் நகர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன். செவுள் மூடியின் விளிம்பில் ரம்பம் போன்ற முட்கள் உண்டு. அவற்றைத் தரையில் ஊன்றி ஊன்றி வாலால் உந்தும். அந்த ரம்ப விளிம்புதான் அடையாளமும். வெறும் கையில் பிடித்தவர்களுக்கு மறக்காது.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் தெருவில் நிறைய வண்ண மீன் கடைகள். மீன்களை வகைப்படுத்திக் குறிப்பேடு எழுத ஆசை. எப்படித் தொடங்குவது? நீலமும் ரோஜாவும் கலந்த கண்ணாடி மீன் என்ன இனம்?
— மாணவன், கொளத்தூர்

தம்பி, மற்ற ஊர்ப் பிள்ளைகள் படத்தில் பார்ப்பதை நீ பள்ளிக்குப் போகும் வழியில் பார்க்கிறாய். தாராளமாகத் தொடங்கு.

நோட்டில் முதலில் பெயரை எழுதாதே. ஒரு பக்கத்தை ஒரு மீனுக்கு ஒதுக்கி, அதன் பக்கவாட்டுத் தோற்றத்தை வரை. செதில் உண்டா? மீசை எத்தனை ஜோடி? வாய் மேலா, நேரா, அடியா? முதுகுத் துடுப்பு ஒன்றா இரண்டா, முன்பாதியில் முள் இருக்கிறதா? வால் பிளந்ததா, வட்டமா? இவ்வளவும் எழுதிய பிறகு கடைக்காரரிடம் பெயர் கேள். பெயரை முதலில் கேட்டுவிட்டால் கண் சோம்பலாகிவிடும்.

ஒரு பயிற்சி தருகிறேன். வீட்டில் ஜிலேபிக் கெண்டை வாங்கும்போது அதன் அடித்துடுப்பில், அதாவது வயிற்றுக்கும் வாலுக்கும் நடுவில் உள்ள துடுப்பில், முள்ளை எண்ணு. மூன்று இருக்கும். பழவேற்காட்டுச் செத்தக்கெண்டை கிடைத்தால், கேரளத்தார் கரிமீன் என்பது அதைத்தான், அதிலும் எண்ணு. பன்னிரண்டு அல்லது பதின்மூன்று இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம். மூக்குத் துளையைப் பார்த்தாயானால் பக்கத்துக்கு ஒன்றுதான். கெண்டை என்று பெயர் இருந்தாலும் ரோகு குடும்பத்துக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை. ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். செத்தக்கெண்டை இந்த மண்ணின் மீன்.

நீ கேட்ட கண்ணாடி மீனுக்கு இயற்கையில் அந்த நிறம் இல்லை. உடல் ஒளி ஊடுருவும்படி இருக்கும், முள்ளும் உள்ளே இருக்கும் காற்றுப்பையும் தெரியும், அதுதான் அதன் அழகு. ஊசியால் சாயம் ஏற்றி விற்கிறார்கள். நாளாக ஆக நிறம் வெளுக்கும், குத்திய இடம் புண்ணாகவும் ஆகலாம். அப்படிப்பட்டதை வாங்காதே. கடைக்காரரிடம் சாயமில்லாத கண்ணாடி மீன் வேண்டும் என்று கேள். நாலு பேர் கேட்டால் அவர் அதைத்தான் கொண்டுவருவார்.

டேங்க் கிளீனர் மீனையும் நோட்டில் சேர்த்துக்கொள். அடியில் உறிஞ்சு வாய், உடல் முழுக்க எலும்புத் தகடு. வீட்டுத் தொட்டியில் பெரிதாகிவிட்டதென்று யாரோ கொண்டுபோய் விட்டதால் இரட்டை ஏரியில் வலை போடுகிறவர்கள் இன்று அதை எடுத்து எடுத்துக் கரையில் போடுகிறார்கள். தகட்டில் சிக்கி வலை கிழிகிறது. கரையைக் குடைந்து பொந்து வைத்து முட்டையிடுகிறது. உன் தெருவில் யாராவது அப்படி ஒரு மீனை வாளியில் எடுத்துக்கொண்டு ஏரிப் பக்கம் போவதைக் கண்டால் நிறுத்தி, வாங்கிய கடையிலேயே திருப்பித் தரச் சொல். நோட்டு நிறைந்ததும் எனக்கு அனுப்பு. சிவப்பு மை போடாமல், பென்சிலால் மட்டும் திருத்தி அனுப்புகிறேன்.