காருக்குக் காற்றடிக்கும் கையடக்க பம்ப்: எதை வாங்கலாம், எப்படிப் பயன்படுத்தலாம்? (கேள்வி பதில்)

கேள்வி (ஸ்விஃப்ட், திருப்பூர்): சார், ஒரு பம்ப்ல 150 பிஎஸ்ஐன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 100தான். 150 வாங்குறதுதானே நல்லது?

அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் காருக்கு வேண்டியது முப்பது முப்பத்திரண்டு பாயிண்ட் (பிஎஸ்ஐ என்ற காற்றழுத்த அளவைத்தான் பேச்சில் பாயிண்ட் என்கிறோம்). 100 போட்ட பம்ப்பும் அதை எட்டிவிடும். எவ்வளவு நேரத்தில் எட்டும், எட்டுவதற்குள் சூடாகி நிற்குமா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்வது 'நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்' என்ற எண்.

185/65 ஆர்15 என்ற அளவுள்ள டயருக்குள் ஏறக்குறைய 27 லிட்டர் இடம் இருக்கும். 25 பாயிண்டிலிருந்து 33க்கு ஏற்ற, வெளியிலிருந்து சுமார் 15 லிட்டர் காற்றை உள்ளே தள்ள வேண்டும். முழுக்க இறங்கிய டயர் என்றால் 60 லிட்டர். பெட்டியில் 35 லிட்டர் என்று போட்டிருந்தால், அது எதிர்ப்பு எதுவும் இல்லாமல் காற்றைத் திறந்தவெளியில் விடும்போது வரும் அளவு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற அது பாதிக்குக்கூட இறங்கும். அப்படியும் 8 பாயிண்ட் ஏற்ற ஒரு நிமிடம், வெறும் டயரை நிரப்ப மூன்று நான்கு நிமிடம் என்று முடிந்துவிடும். 15 லிட்டர் பம்ப்போ வெறும் டயருக்கே எட்டு பத்து நிமிடம் ஓடும். சிறிய பம்ப்புகள் சூடேறி நிற்பது அந்த நேரத்தில்தான்.

லிட்டர் கணக்கு போடவில்லையா? ஆம்பியரைப் பாருங்கள். 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுப்பது பந்துக்கும் சைக்கிளுக்கும் சரி. காருக்கு 10 ஆம்பியர், அதாவது 120 வாட் அருகில் இருக்கட்டும். சிலிண்டர் விட்டமும் போட்டிருந்தால் 19 மி.மீ. சிறியது, 22க்கு மேல் நல்லது, 30 மி.மீ. எஸ்யூவிக்கும் தாங்கும். சிலிண்டர் உலோகமாக இருக்க வேண்டும். கையில் எடுத்தால் கொஞ்சம் கனமாக இருப்பதையே எடுங்கள்.

கேள்வி (பலேனோ, மதுரை): சாக்கெட்ல செருகுறதா, சார்ஜ் பண்ற பேட்டரி வச்சதா?

பம்ப் எப்போதும் காரிலேயே கிடக்கப் போகிறதென்றால் வயர் உள்ளது. வீட்டில் வைத்து மாதம் இரண்டு முறை காற்று சரிபார்க்க என்றால் பேட்டரி உள்ளது.

காரணம் வெயில். சித்திரை வைகாசியில் வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும், டேஷ்போர்டு மேல் இன்னும் கூடும். லித்தியம் செல் அந்தச் சூட்டில் நாள் கணக்கில் கிடந்தால் சேமிக்கும் திறன் வேகமாகக் குறையும், உப்பவும் செய்யும். பிறகு ஆறு மாதம் தொடாமல் வைத்து, ராத்திரி பைபாஸில் டயர் இறங்கும்போது எடுத்தால் ஒரு கோடு சார்ஜ்தான் மிச்சம் இருக்கும். சார்ஜ் ஏற இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், பல மாடல்கள் சார்ஜில் இருக்கும்போது ஓடவும் ஓடாது. வயர் பம்ப்புக்கு இந்தக் கவலை இல்லை, கார் பேட்டரி உயிரோடு இருந்தால் அதுவும் ஓடும்.

பேட்டரி வகையே வேண்டுமென்றால், அதன் கொள்ளளவைச் சொல்லும் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர்) எண்ணில் ஏமாறாதீர்கள். 6000 எம்ஏஎச் என்பது பெரும்பாலும் 3.7 வோல்ட் செல் கணக்கு, 6 ஆம்பியர் அவரை 3.7ஆல் பெருக்கினால் 22 வாட் அவர். மோட்டார் 100 வாட் இழுத்தால் 13 நிமிடத்தில் காலி. நான்கு டயருக்கும் ஐந்தைந்து பாயிண்ட் ஏற்ற அது போதும். வெறும் டயர் ஒன்றையும் நிரப்பலாம். இரண்டாவது வெறும் டயரை அதை நம்பி ஆரம்பிக்காதீர்கள். வாட் அவர் அச்சிட்டிருக்கும் மாடலையே வாங்குங்கள்.

கேள்வி (ஐ10, சேலம்): பம்ப் போட்டதும் சாக்கெட் செத்துப் போச்சு. இப்ப மொபைல் சார்ஜர்கூட வேலை செய்யல. என்ன பண்றது?

ஃபியூஸ் போயிருக்கும், பயப்பட வேண்டாம். காரின் கையேட்டில் ஃபியூஸ் பெட்டி வரைபடம் இருக்கும், அதில் பவர் சாக்கெட் அல்லது சிகரெட் லைட்டர் என்று இருப்பதைப் பிடுங்கிப் பாருங்கள். நடுவில் உள்ள கம்பி அறுந்திருக்கும். அதே ஆம்பியரில் புதிது போடுங்கள்: சிவப்பு என்றால் 10, நீலம் 15, மஞ்சள் 20. திரும்பத் திரும்பப் போகிறதே என்று பச்சை 30 போடவே கூடாது. ஃபியூஸுக்குப் பதில் வயர் உருகும், சில நேரம் தீயே பிடிக்கும்.

உங்கள் சாக்கெட்டுக்கு 10 ஆம்பியர்தான் என்றால் 8க்குள் இழுக்கும் பம்ப் வாங்குங்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் எழுதியதைவிட அதிகமாகவே இழுக்கும். இரட்டை சிலிண்டர் பம்ப்புகள் 20 ஆம்பியருக்கு மேல் போகும், அவை பேட்டரியில் நேராகக் கவ்வும் கிளிப்போடுதான் வரும். ஃபார்ச்சூனர், தார் மாதிரி எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு அது ஏற்றது.

கேள்வி (எக்ஸ்டர், திருச்சி): 33 செட் பண்றேன், அதுவா நிக்குது. வேற கேஜ்ல பார்த்தா 31. பம்ப் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. பம்ப் ஓடும்போது திரையில் தெரிவது ஹோஸுக்குள் உள்ள அழுத்தம். ஊசித்துளை மாதிரி இருக்கும் வால்வு வழியாகக் காற்று தள்ளப்படுவதால், டயரில் உள்ளதைவிட அங்கே ஒன்று இரண்டு பாயிண்ட் கூடுதலாக இருக்கும். நின்று சில நொடி விட்டுப் பாருங்கள், திரையில் எண் இறங்கி நிற்கும். அந்த நின்ற எண்தான் டயரின் எண். அது 31 என்றால் அடுத்த முறை 35 செட் செய்யுங்கள், 33ல் வந்து உட்காரும். உங்கள் பம்ப்புக்கு இந்த வித்தியாசம் எவ்வளவு என்று ஒருமுறை கண்டுபிடித்து மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நின்ற பிறகும் திரை 33 காட்டி, தனி கேஜ் 31 காட்டினால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது. மூன்றாவதாக ஒரு நல்ல கேஜில் பார்த்து முடிவு செய்யுங்கள். பம்ப்போடு சேர்த்துத் தனி கேஜ் ஒன்று வாங்குவதை நான் எல்லோருக்கும் வலியுறுத்துவேன்.

கழற்றும்போது போகும் காற்றையும் கவனியுங்கள். திருகி மாட்டும் பித்தளை வாய் வால்வில் இறுக்கமாக உட்காரும், ஆனால் கழற்ற மூன்று நான்கு சுற்று ஆகும், அதுவரை ஸ்ஸ்ஸென்று போய்க்கொண்டே இருக்கும். தயங்காமல் சட்டென்று திருகினால் அரை பாயிண்ட்டோடு தப்பிக்கும். ஐந்து நிமிடம் ஓடிய பிறகு அந்தப் பித்தளை கையைச் சுடும், துணியால் பிடியுங்கள். அழுத்திக் கவ்வும் பிளாஸ்டிக் லீவர் வாய் சுலபமானது, ஆனால் முதலில் உடைவதும் அதுதான்.

கேள்வி (டியாகோ, நாகர்கோவில்): டயர்லயே 44 பிஎஸ்ஐன்னு எழுதியிருக்கே, அவ்வளவு அடிக்கலாமா?

கூடாது. அது டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கு எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். முன், பின் தனியாகவும், ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்று தனியாகவும் போட்டிருப்பார்கள். 'பார்' என்ற அலகில் இருந்தால் 14.5ஆல் பெருக்குங்கள், 2.2 பார் என்பது 32 பாயிண்ட்.

கேள்வி (கிரெட்டா, சென்னை): பங்க்ல காற்று இலவசம்தானே, இதுக்குப் போய் ஏன் செலவு?

பங்க் காற்றில் குறை இல்லை. ஆனால் ஸ்டிக்கரில் உள்ள அளவு குளிர்ந்த டயருக்கானது, அதாவது மூன்று மணி நேரம் நின்ற டயர். பங்க்குக்கு ஓட்டிப் போவதற்குள் டயர் சூடாகி இரண்டு முதல் ஐந்து பாயிண்ட் வரை கூடிவிடும். அங்கே 33க்கு இறக்கி வைத்தால் மறுநாள் காலை 29, 30தான் இருக்கும். காலையில் வண்டி எடுக்குமுன் வாசலிலேயே அடிப்பதுதான் பம்ப் வாங்குவதன் பெரிய பலன்.

வழியில் சூடான டயரில் அடித்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டிக்கர் அளவைவிட 4 கூட்டி அடியுங்கள், மறுநாள் காலை சரிபாருங்கள். சூடான டயரிலிருந்து காற்றை இறக்காதீர்கள்.

கேள்வி (நெக்ஸான், கோவை): குடும்பத்தோட ஊட்டி போறோம். மேல போனா காற்று கூடும்னு சொல்றாங்க, குறைச்சுக்கணுமா?

வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ஏறக்குறைய 3 பாயிண்ட் கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் குளிர் அதைச் சாப்பிட்டுவிடும். 10 டிகிரி குறைந்தால் 1.5 முதல் 2 பாயிண்ட் இறங்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். கிளம்பும்போது ஆள், பெட்டி எல்லாம் ஏற்றிய நிலைக்கான அளவை வைத்தாலே போதும்.

கேள்வி (வேகன்-ஆர், விழுப்புரம்): டயர்ல ஆணி ஏறியிருந்தா பம்ப் வச்சு எப்படிச் சமாளிக்கிறது? பிடுங்கிடலாமா அண்ணா?

பிடுங்காதீர்கள், தம்பி. டியூப்லெஸ் டயரில் அந்த ஆணிதான் ஓட்டைக்கு அடைப்பு.

முதலில் சாலையை விட்டு நன்றாக ஓரம் கட்டி, நான்கு இண்டிகேட்டரும் போட்டு, முக்கோணத்தைப் பின்னால் தள்ளி வையுங்கள். டயரின் பக்கச் சுவரை டார்ச் அடித்துப் பாருங்கள். சுற்றிலும் தேய்ந்த வளையம், வெடிப்பு, கறுப்புத் தூள் இருந்தால் காற்றில்லாமல் ஓடிய டயர் அது. அதில் காற்றடித்து ஓட்டக்கூடாது, ஸ்டெப்னி மாற்றுங்கள். ஆணி பக்கச் சுவரில் ஏறியிருந்தாலும் அதேதான்.

சுவர் நன்றாக இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு பம்ப்பைச் செருகுங்கள். இன்ஜின் ஓடும்போது சாக்கெட்டில் 14 வோல்ட் அருகில் கிடைக்கும், பம்ப் வேகமாக ஓடும், பேட்டரியும் இறங்காது. 35 வரை ஏற்றி ஐந்து நிமிடம் பாருங்கள். ஒன்று இரண்டு மட்டும் இறங்கினால் 50 கிலோமீட்டர் வேகத்துக்குள் பஞ்சர் கடைக்குப் போகலாம், ஐந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் பத்து பாயிண்ட் இறங்கினால் ஸ்டெப்னிதான்.

வீட்டு மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு மட்டும் காற்றடிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு மணக்காது, தெரியாமலே ஆளைச் சாய்க்கும்.

கேள்வி (அமேஸ், தஞ்சாவூர்): ரெண்டு மாசம் நின்ன கார். டயர் முழுசா இறங்கி ரிம்மை விட்டு விலகியிருக்கு. பம்ப் ஓடுது, ஆனா ஏறவே இல்ல.

டயரின் ஓரம் ரிம்மில் ஒட்டாததால் அடிக்கும் காற்று அந்த இடைவெளியிலேயே போகிறது. பஞ்சர் கடை கம்ப்ரஸர் ஒரே மூச்சில் நிறைய காற்றைத் தள்ளி டயரை ரிம்மில் உட்கார வைக்கும், கையடக்க பம்ப்பால் அது முடியாது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, டயரை உள்ளிருந்து வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு அடித்துப் பார்க்கலாம், சில நேரம் பிடித்துக்கொள்ளும். இல்லையென்றால் சக்கரத்தைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஏறாத டயரில் பம்ப்பைப் பத்து நிமிடம் ஓட்டி எரித்துவிடாதீர்கள்.

கேள்வி (ஈரோடு): எத்தனை நிமிஷம் தொடர்ந்து ஓட்டலாம்?

ஒற்றை சிலிண்டர் பம்ப் என்றால் எட்டு முதல் பத்து நிமிடம், பிறகு அதே அளவு அல்லது அதைவிடக் கூடுதல் ஓய்வு. கையேட்டில் இந்தக் கணக்கு போடாத பம்ப்பை வாங்க வேண்டாம்.

கேள்வி (எலக்ட்ரிக் கார், பெங்களூரு): இன்ஜினே இல்லையே, என்ன பண்ணணும்? வீட்டு பிளக்ல போடலாமா?

வண்டியை ஓட்டத் தயாரான 'ரெடி' நிலைக்குக் கொண்டுவாருங்கள், பார்க்கிங் பிரேக் போட்டு. அப்போது பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட் பேட்டரிக்கு மின்சாரம் வரும். வெறுமனே சாக்கெட்டை மட்டும் உயிரோடு வைத்தால் சின்ன 12 வோல்ட் பேட்டரிதான் இறங்கும். வீட்டு பிளக்குக்கு 12 வோல்ட் 10 ஆம்பியர் கொடுக்கும் அடாப்டர் வேண்டும். ரவுட்டருக்கு வரும் 2 ஆம்பியர் அடாப்டரில் பம்ப் முனகும், ஓடாது.

கேள்வி (புதுச்சேரி): ஸ்கூட்டர், சைக்கிளுக்கும் இதே போதுமா?

போதும். இரண்டிலும் இடம் குறைவு, நொடிகளில் ஏறிவிடும், கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். நம் ஊர்ச் சாதாரண சைக்கிள் வால்வு கார் வால்வு மாதிரி இல்லை, அதற்குத் தனி முனை போட வேண்டும்.

கேள்வி (டிசையர், வேலூர்): நைட்ரஜன் போட்ட டயர்ல சாதா காற்று கலக்கலாமா? ஒரு டயர்ல மட்டும் வாரத்துக்கு 5 பாயிண்ட் இறங்குது, அதுக்கும் வழி சொல்லுங்க.

தாராளமாகக் கலக்கலாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

நல்ல டயர் மாதத்துக்கு ஒன்று இரண்டு பாயிண்ட்தான் இழக்கும், வாரத்துக்கு ஐந்து என்றால் கசிவு. பம்ப் வந்துவிட்டதே என்று வாராவாரம் அடித்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். 35 ஏற்றி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து முதலில் வால்வு வாயில் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் வால்வு ஊசி (பின்) தளர்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது, மாற்ற ஐந்து நிமிடம் போதும். பிறகு வால்வின் அடித்தண்டை லேசாக வளைத்துப் பாருங்கள், ரப்பரில் கீறல் இருந்தால் வால்வையே மாற்ற வேண்டும். அடுத்து ரிம்மின் ஓரம் முழுக்க, கடைசியாக டயரின் தரைப் பக்கம். வண்டியை அரைச் சுற்று நகர்த்தி, கீழே மறைந்திருந்த பகுதியையும் நனையுங்கள். குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கடைக்காரரிடம் காட்டுங்கள்.