நெஞ்செரிச்சல் இல்லை, தொண்டை மட்டும் கட்டுகிறதா?

கேள்வி: பள்ளி ஆசிரியை, வயது 44. ஆறு மாதமாகக் காலையில் குரல் கம்முகிறது. தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருப்பதால் கனைத்துக்கொண்டே இருக்கிறேன். ஸ்கோப் வைத்துப் பார்த்த டாக்டர், அமிலம் மேலே ஏறுகிறது என்று அமிலத்தைக் குறைக்கும் பான்டொப்ரசோல் மாத்திரை கொடுத்தார். ஒரு மாதமாகியும் குணமில்லை. எனக்கு நெஞ்செரிச்சலே கிடையாதே?
- வாசகி, திருச்சி

பதில்: நெஞ்செரிச்சல் இல்லாமலேயே தொண்டை புண்படும். மேலே வந்த அமிலத்தை உணவுக்குழாய் சுருங்கிக் கீழே தள்ளிவிடும், மிச்சத்தை எச்சில் தணித்துவிடும். குரல்வளைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அமிலத்தோடு ஏறும் பெப்சின் என்ற நொதியும் அங்கேயே தங்கிவிடுவதால், துளி ஏறினாலும் வீக்கம்தான்.

மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. டிபனுக்குப் பிறகு என்றால் பலன் வெகுவாகக் குறையும். சாப்பிடும்போதுதான் இரைப்பையில் அமிலம் சுரக்கும் பம்புகள் வேலையைத் தொடங்கும், அவற்றை அடக்கும் மருந்து அதற்குள் ரத்தத்தில் இருக்க வேண்டும். வெறும் வயிற்றில், டிபனுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் போடுங்கள். காபியும் அதுவரை வேண்டாம். தொண்டை வீக்கம் வற்ற 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். சரியாகப் போட்டும் அதற்குள் மாற்றமில்லை என்றால், தானாக நீட்டிக்காமல் மறுபடி டாக்டரைப் பாருங்கள். அலர்ஜியோ, வகுப்பில் கத்திப் பேசுவதோகூடக் காரணமாக இருக்கலாம்.

கனைப்பதை நிறுத்துவது மாத்திரை அளவுக்கு முக்கியம். ஒவ்வொரு கனைப்பிலும் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வீக்கம் கூடும், சளி சேரும், மறுபடி கனைக்கத் தோன்றும். தோன்றும்போதெல்லாம் ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள், இல்லையென்றால் எச்சிலை விழுங்குங்கள். புதினா, மென்தால் மிட்டாய் வேண்டாம். இரைப்பையின் மேல்வாய் தளர்ந்து அமிலம் ஏறும்.

பத்தரைக்குப் படுப்பவர் ஏழரைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். இட்லி, இடியாப்பம் சரி. புளிக்குழம்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் பகலோடு நிறுத்துங்கள். உள்பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினாலும் வயிறு அழுந்தி அமிலம் ஏறும்.

கேள்வி: மூன்று தலையணை வைத்துப் படுத்தும் இரவில் புளித்து ஏறுகிறதே?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: தலையணையை அடுக்கினால் கழுத்தும் இடுப்பும் மடங்கி வயிறு அழுந்தும். தலைமாட்டுப் பக்கத்துக் கட்டில் கால்கள் இரண்டுக்கும் அடியில் 6 முதல் 8 அங்குல மரக்கட்டை கொடுங்கள். கால் நழுவாமல் இருக்கக் கட்டையில் குழி வெட்டச் சொல்லுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். அப்போது இரைப்பையில் உணவுக்குழாய் சேரும் இடம் மேலேயும் அமிலம் கீழேயும் நிற்கும்.

கேள்வி: புகையிலை போடும் அப்பாவுக்கு ஒரு மாதத்துக்கு மேலாகக் குரல் கம்மல். அசிடிட்டி சிரப் போதுமா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: போதாது. குரல் மாற்றம் 4 வாரத்தைத் தாண்டினாலே குரல்வளையை ஸ்கோப்பில் பார்க்க வேண்டும். புகையிலைப் பழக்கம் உள்ளவர் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. விழுங்கச் சிரமம், எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, ஒரு காதில் மட்டும் வலி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். எதுவும் இல்லையென்றாலும், இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.