ஹைபிரிட் பற்றரி போன காரைத் திருத்தி விற்பதா, அப்படியே விற்பதா?

உங்களிடம் இருப்பது 2013 டொயோட்டா ஆக்குவா. ஹைபிரிட் பற்றரி போய்விட்டது, கராஜில் 5 லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். திருத்துவதா, அப்படியே தள்ளிவிடுவதா, பாகம் பாகமாக விற்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே நிலைமை எங்கள் வீட்டிலும் வந்தது. தெஹிவளையில் இருக்கும் என் அத்தானின் கார், அதுவும் ஆக்குவாதான்.

கொழும்பு–காலி வீதியில் போய்க்கொண்டிருக்கும்போதே டாஷ்போர்டில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை லைட் விழுந்துவிட்டது. முதலில் காட்டிய கராஜில் ஸ்கேன் மட்டும் போட்டுவிட்டு, "பற்றரி முழுக்க மாத்தணும்" என்று வாயால் ஒரு தொகை சொன்னார்கள். அன்று பின்னேரமே ஒரு புரோக்கர் வந்து 45 லட்சம் தருவதாகச் சொன்னார். அதே வருடத்து, நன்றாக ஓடும் ஆக்குவா அப்போது 60, 62 என்று போய்க்கொண்டிருந்தது. பழுது 5 லட்சம் என்றால் விலை ஏன் 15 லட்சத்துக்கு மேல் விழ வேண்டும்? மீதிப் பத்து லட்சமும் 'உள்ளே வேறு என்ன இருக்கிறதோ' என்ற பயத்துக்காகக் குறைத்தது. அந்தப் பயத்தைப் போக்க உங்களால் முடியும், செலவும் அதிகமில்லை.

அத்தான் காரை இன்னொரு பாஸிடம் (மெக்கானிக்கிடம்) கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். அவர் பின் சீட்டைக் கழற்றி, பற்றரிக்குக் காற்று இழுக்கும் ஃபேனை வெளியே எடுத்தார். ஃபில்டர் முழுக்கத் தூசியும் தலைமயிரும் கம்பளி மாதிரித் திரண்டிருந்தது. பற்றரி சூடாகிச் சாவதற்கு இது ஒன்றே போதும். பிறகு ஹை வோல்டேஜ் பிளக்கைக் கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுத்தான் மூடியைத் திறந்தார். (உள்ளே 144 வோல்ட் இருக்கிறது, தயவுசெய்து நீங்களாகக் கை வைக்காதீர்கள்.) மொடியூல்களை (பற்றரிக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பற்றரிகளை) இணைக்கும் செப்புத் தகடுகள் பச்சை பூத்திருந்தன. ஆக்குவாவில் மொத்தம் 20 மொடியூல். ஒவ்வொன்றுக்கும் லோட் கொடுத்து மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டில் வோல்டேஜ் நன்றாக இறங்கியிருந்தது, மூன்று அரைகுறை.

"அண்ணே, ரெண்ட மட்டும் மாத்திட்டா லைட் போயிரும். ஆனா மத்ததும் பழசுதான், கொஞ்ச மாசத்துல அதுல ஒண்ணு போகும்" என்று வெளிப்படையாகவே சொன்னார். லைட்டை அணைத்து, மறைத்து விற்றிருக்கலாம். அத்தான் மறுத்துவிட்டார். வாங்குகிறவரும் யாரிடமாவது கடன்பட்டு வாங்குகிறவராகத்தான் இருப்பார். அதனால் 20 அளவுகளையும் ஒரு தாளில் எழுதி வாங்கினார், படங்களும் எடுத்துக்கொண்டார். விளம்பரத்திலேயே பழுது இன்னது என்று போட்டார்.

ஒரே பழுதுக்கு எல்லாருக்கும் ஒரே செலவு இல்லை. உங்களுக்கும் எனக்கும் 5 லட்சம் ஆகிற வேலை, கராஜ் வைத்திருக்கிறவருக்கும் ஹைபிரிட் வேலை செய்கிறவருக்கும் அதில் பாதிக்கும் குறைவாக முடியும். அப்படிப்பட்டவரைத்தான் நீங்கள் தேட வேண்டும். அத்தானின் காரை வாங்கியவர் சொந்தமாகக் கராஜ் வைத்திருப்பவர். தாளைப் பார்த்தார், தானும் ஒருமுறை அளந்தார், 56 லட்சத்துக்கு எடுத்தார். திருத்தி 61க்கு விற்றிருந்தாலும் செலவு போக மிஞ்சுவது கிட்டத்தட்ட அதேதான். அலைச்சலும் புதுப் பற்றரிக்குப் பொறுப்பும் மேலதிகம்.

லைட் விழுந்த பிறகும் சமாளித்து ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள். ஆக்குவாவில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, எஞ்சினைச் சுழற்றுவதே அந்தப் பெரிய பற்றரிதான். அது முழுக்க விழுந்தால் கார் ஸ்டார்ட் ஆகாது. கட்டி இழுத்து வருகிற காரை வாங்குகிறவர் இரக்கம் பார்த்து விலை சொல்வதில்லை. புகைப்பரிசோதனையும் வருமான அனுமதிப்பத்திரமும் காலாவதியாகாமல் வைத்திருங்கள். வருகிறவர் ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டுமே.

பாகமாக விற்பதா? கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தையில் கதவுக்கும் பம்பருக்கும் லைட்டுக்கும் கேட்கிற விலையைக் கூட்டிப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அது கடைக்காரர் விற்கிற விலை, உங்களுக்குத் தருகிற விலை இல்லை. நல்லதெல்லாம் முதல் வாரத்தில் போய், கூடு உங்கள் முற்றத்தில் நிற்கும். மோசமாக அடிபட்ட வண்டிக்கு, வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்குச் சரி. உங்கள் காருக்கு வேண்டாம். அப்படி உடைத்தால் பதிவை ரத்துச் செய்யாமல் பதிவுப் புத்தகத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். அந்தச் சேசி நம்பர் களவு வண்டியில் ஏறலாம்.

இன்னும் மூன்று நான்கு வருடம் நீங்களே ஓட்டப்போகிறீர்கள் என்றால் கதை வேறு, புதுப் பற்றரியே போடுங்கள். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு, பழைய வண்டி விலை ஏறிக்கொண்டே இருக்கும் என்று பலர் பிடித்து வைத்திருந்தார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள், அந்த நம்பிக்கையில் இனி காத்திருக்க முடியாது.

லீசிங் இருந்தால் புத்தகத்தில் முழு உரிமையாளராகக் கம்பனியின் பெயர்தான் இருக்கும். கட்ட வேண்டிய மிச்சம் எவ்வளவு என்று கம்பனியிடம் எழுத்தில் வாங்கிய பிறகு விலை பேசுங்கள். கடைசியாக, உரிமை மாற்றப் படிவத்தில் வெறுமனே கையெழுத்து வைத்துப் புரோக்கரிடம் கொடுக்காதீர்கள். வாங்குகிறவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், தேதி எல்லாம் நிரப்பிய பிறகு கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை நீங்கள் வைத்துக்கொண்டு, விற்ற விபரத்தை நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் அறிவித்துவிடுங்கள்.